உங்கள் பிறந்த திகதி பொருந்தவில்லை

அத்தியாயம் 3

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ராசமலரின் துப்பறியும் கந்தோருக்குள் நுழைந்த மங்களேஸ்வரி, குற்றவாளி யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். துப்பறிவாளரிடம் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கையெழுத்து மட்டும்தான்.

"என்ரை மருமகள் கஜேந்தினிதான் கள்ளி எண்டு ஒரு கடதாசியிலை எழுதித் தாங்கோ. சீல் இருந்தால் அதையும் குத்துங்கோ. பின்னேரம் நாலு மணி ரயிலிலை அவளைத் துரொண்ட்ஹெய்முக்குத் தாய் தேப்பனிட்டை அனுப்பப்போறன். கடதாசியையும் குடுத்துவிட்டால் ஒருதரும் வாய் திறக்கமாட்டினம்."

உதவியாளன் றொபின் கோப்பிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தான். "சீல் இருக்கு அக்கா. ஆனால் அதிலை 'காசு கிடைத்தது' எண்டுதான் எழுதியிருக்கு. பரவாயில்லையோ?"

ராசமலர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குச் சம்பளத்தில் கழிவு என்று பொருள். றொபின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒஸ்லோவின் கிறன்லாந்துப் பகுதியில், மரக்கறிக் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒற்றை அறை. கதவில் 'ஒஸ்லோவின் முதலாவது தமிழ்த் துப்பறியும் நிறுவனம்' என்று எழுதியிருந்தது. இரண்டாவது ஒன்றைத் தொடங்க இன்றுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை; வருமானம் அப்படி. ராசமலருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் பதினான்கு வருடங்களை வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கழித்தவர். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் மீன் துண்டைப் போட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் புழுவைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே அவருடைய வேலை. இப்போது மனிதர்களிடம் அதே வேலையைச் செய்கிறார். மணம் மட்டும் குறைவு.

"முதலிலை நடந்ததைச் சொல்லுங்கோ. கடதாசியைப் பிறகு பாப்பம்," என்றார் ராசமலர்.

நடந்தது இதுதான். ஒன்பது நாட்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோறென்ஸ்கூக்கில் இருக்கும் தன் வீட்டில் மங்களேஸ்வரி கணினியைத் திறந்தார். வங்கியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. புதன்கிழமை பார்த்தபோது கணக்கில் இருந்த எழுபத்தோராயிரம் குரோணரைக் காணவில்லை. பொலிசில் முறையிட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

"பொலிசுக்குப் போனனீங்களோ?"

"போகேலாது." மங்களேஸ்வரியின் குரல் தாழ்ந்தது. றொபினைப் பார்த்தார். "இந்தத் தம்பி கொஞ்சம் வெளியிலை நிக்கட்டும்."

"வெளியிலை நிண்டால் கதவிலை காதை வைப்பான். இஞ்சையே இருக்கட்டும், காதுக்கு நல்லது. சொல்லுங்கோ."

மங்களேஸ்வரி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "என்ரை பாஸ்போட்டிலை கிடக்கிற பிறந்த திகதி பிழை. நாற்பத்தொன்பதாம் ஆண்டு மே பதினேழு எண்டு கிடக்கு. எண்பத்தேழிலை ஏஜென்ற் கொண்டுவந்த பாஸ்போட் வேறை ஒருத்தியின்ரை. அவளுக்கு வயது குறைவு. அந்த வயதுக்கு ஏத்தமாதிரி இஞ்சையும் அகதிப் போமிலை எழுதியாச்சு. உண்மையிலை இந்த வெள்ளிக்கிழமை எனக்கு அறுபது."

"பாத்தால் தெரியேல்லை அக்கா," என்றான் றொபின்.

"வாயை மூடு தம்பி." ஆனாலும் மங்களேஸ்வரியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "பத்தொன்பது வருசமா இது ஒருதருக்கும் தெரியாது. மகன் சயூரனுக்கே சொல்லேல்லை, அவனுக்கு வாய் ஓட்டை. அறுபதுக்குக் கோயிலிலை அர்ச்சனை செய்யவேணும் எண்டு போன ஆவணியிலை கஜேந்தினிக்கு மட்டும் சொன்னனான். மூண்டு மாசம் கூட ஆகேல்லை, மெயில் வந்திட்டுது. அவள் கொம்பியூட்டர் படிச்சவள். இனி என்ன சாட்சி வேணும்?"

"படிச்சதுதான் சாட்சியெண்டால் துரொண்ட்ஹெய்ம் யூனிவேர்சிற்றியைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிக்கவேணும்," என்றான் றொபின்.

"மகன் என்ன சொல்லுறார்?" ராசமலர் கேட்டார்.

"அவன் வடகடலிலை, எண்ணெய் மேடையிலை. வர இன்னும் ஒரு கிழமை. போனிலை சொன்னனான். 'அம்மா சொன்னாச் சரிதான்' எண்டிட்டான்."

நடுக்கடலில் நின்றுகொண்டு மனைவியைக் கைகழுவுவது வசதியான காரியம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

மங்களேஸ்வரி அச்சடித்துக் கொண்டுவந்த தாளை நீட்டினார். ராசமலர் தன் பழைய பழக்கப்படி அதை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். றொபின் அவருடைய தோளுக்கு மேலால் வாசித்தான். நோர்வேஜிய மொழியில் நாலே வரிகள்.

'அன்பான வாடிக்கையாளரே, எமது பதிவேட்டில் உள்ள உங்கள் பிறந்த திகதி பொருந்தவில்லை. கீழுள்ள இணைப்பை அழுத்தி, நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் உங்கள் விபரங்களை உறுதிப்படுத்தவும். தவறினால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டு, விடயம் உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கப்படும்.'

றொபின் தன் ஜாக்கெற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தான். இதே நாலு வரி, ஒரு எழுத்துக்கூட மாறாமல், அவனுடைய ஜாக்கெற்றின் உள்பையில் மடிந்து கிடந்தது. நேற்று முன்தினம் மாலை ஆறு மணிக்கு வந்தது. அவனுக்குக் கொடுத்த நாற்பத்தெட்டு மணித்தியாலம் இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அவனுடைய கணக்கில் நானூற்றுச் சொச்சம் குரோணர்தான் கிடந்தது. அதை யார் எடுத்தாலும் அவன் அனுதாபப்படத் தயார். பயம் காசுக்கு அல்ல. பாஸ்போட்டின்படி அவனுக்கு முப்பத்திரண்டு வயது. உண்மையில் முப்பத்தாறு.

"கோட்பிரிக்க எங்கை?" ராசமலர் கேட்டார். வங்கி கொடுக்கும் அந்தச் சின்னக் கருவி காட்டுகிற இலக்கத்தை அடித்தால்தான் இணையத்தில் கணக்கு திறக்கும்.

"என்ரை கைப்பையிலை. குளிக்கப் போனாலும் கொண்டுதான் போவன்."

"மெயிலுக்கு நீங்கள் மறுமொழி ஏதும் குடுத்தனீங்களோ?"

"சீ! நான் என்ன விசரியே?" பதில் சற்று அவசரமாகவே வந்தது.

ராசமலர் தாளை மடித்தார். "நாலு மணிக்கு முதல் முடிவு சொல்லுறன். அதுவரைக்கும் பிள்ளையை ரயிலிலை ஏத்தாதேங்கோ."

"ரிக்கற் எடுத்தாச்சு. திருப்பிக் குடுத்தால் காசு வராது."

எழுபத்தோராயிரம் போன பிறகும் ஒரு ரயில் ரிக்கற்றுக்கு உருகுகிற மனம் உலகத்தில் எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வாய்த்தது.

"அக்கா, ஒரு கேள்வி," என்றான் றொபின். வழக்கத்தைவிடக் குரல் மெலிந்திருந்தது. "அந்தப் போமை ஆர் நிரப்பினது?"

"மொழிபெயர்க்க வந்த ஞானரட்ணம் மாஸ்ரர். அவர்தானே அந்தக் காலத்திலை எல்லாருக்கும் நிரப்பினவர்."

"அப்ப அவருக்கும் உங்கடை உண்மையான திகதி தெரியுமெல்லோ?"

மங்களேஸ்வரி யோசித்தார். "அவர் இன்னும் இருக்கிறாரோ? செத்துப்போனார் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

*

ஞானரட்ணம் மாஸ்ரர் சாகவில்லை. ஃபுருசெத்தில் ஆறாம் மாடியில் இருந்தார். றொபினின் பழைய மஸ்டா கார் அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. நவம்பர் மழை, பனியாக விழுவதா நீராக விழுவதா என்று முடிவு செய்யாமல் கண்ணாடியில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மெயில் வந்தது ஞாயிற்றுக்கிழமை," என்றார் ராசமலர்.

"ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரிலை ஒரு இறாத்தல் பாண் வாங்க ஏலாது. வங்கிக்காரன் மட்டும் எழும்பி வந்து, மங்களேஸ்வரி அக்காவின்ரை பிறந்தநாளை நினைச்சுக் கவலைப்பட்டிருக்கிறான்."

"ம். பிறகு?"

"நாற்பத்தெட்டு மணித்தியாலம். எனக்கு வதிவிட அனுமதி தர இருபத்தேழு மாசம் எடுத்தவங்கள். இந்த நாட்டிலை எந்தக் கந்தோர் அக்கா இரண்டு நாளிலை அவசரப்பட்டது?"

"பிறகு?"

"பிறகென்ன, நான் பகிடிதான் விடுறன்."

"விடு, விடு. பகிடி விடேக்கைதான் உன்ரை மூளை வேலை செய்யுது." ராசமலர் தாளை மறுபடி விரித்தார். "இதிலை ஆற்றை பேர் கிடக்கு?"

"ஒருதரின்ரையும் இல்லை. அன்பான வாடிக்கையாளரே எண்டுதான் கிடக்கு."

"ம்," என்றார் ராசமலர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்பது றொபினுக்குத் தெரிந்தது. கேட்டால் சொல்லமாட்டார் என்பதும் தெரிந்தது. ஆறு வருடமாக இதே கொடுமைதான்.

அவன் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தான். மங்களேஸ்வரியின் இரகசியமும் தன்னுடைய இரகசியமும் தெரிந்த ஒரே ஆள் மாஸ்ரர். இருவருக்கும் ஒரே மின்னஞ்சல். மாஸ்ரர் பட்டியலை யாருக்கோ விற்றிருக்கிறார், அல்லது தானே கடை திறந்திருக்கிறார். வயதான காலத்தில் என்ன வேகம்! ஆள் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தினான்.

அழைப்பு மணியில் விரல் பட்டதும் கதவு திறந்தது. மெலிந்த, எழுபது வயதான ஞானரட்ணம் மாஸ்ரர் குளிர்கோட்டு, தொப்பி, கழுத்துச் சால்வை எல்லாம் அணிந்து நின்றார். காலடியில் ஒரு சிறிய பெட்டி.

"பொலிஸ் எங்கை? கீழை நிக்கினமோ?"

"எங்கை மாஸ்ரர் பயணம்?" ராசமலர் கேட்டார்.

"அதை அவையள்தான் சொல்லவேணும் பிள்ளை. ஒன்பது நாளா வெளிக்கிட்டு நிக்கிறன். சாப்பிடேக்கை மட்டும்தான் தொப்பியைக் கழட்டுறன். இந்த நாட்டிலை பஸ் நேரத்துக்கு வருது, பொலிஸ் வருகுதில்லை."

றொபின் தயாராக வைத்திருந்த இரண்டு கேள்விகளும் எங்கோ போய்விட்டன.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மாஸ்ரர் கோட்டைக் கழற்ற மறுத்துவிட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அன்பான வாடிக்கையாளரே. உங்கள் பிறந்த திகதி பொருந்தவில்லை.

"ஒரு நாள் இது வரும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் மாஸ்ரர். "நூற்று நாற்பத்துமூண்டு பேருக்குத் திகதி மாத்தி எழுதினவன் நான். அரசாங்கம் இருபது வருசம் கழிச்சு என்னைப் பிடிச்சிட்டுது. கேட்ட எல்லாத்தையும் அடிச்சுக் குடுத்தனான். கோட்பிரிக்க இலக்கம் ஒருக்காக் கேட்டாங்கள், குடுத்தன். அது பிழை, இன்னொண்டு தா எண்டாங்கள், அதையும் குடுத்தன். அடுத்தநாள் இருபத்தெட்டாயிரம் குரோணர் எடுத்திட்டாங்கள்."

"வங்கிக்குச் சொல்லேல்லையோ?"

"ஏன் சொல்லவேணும்? அது அபராதம். செய்த பிழைக்கு எடுத்தது. இனி ஆளை எடுக்க வருவாங்கள்."

கள்ளனுக்கு இப்படி ஒரு மரியாதை அவனுடைய தாய்கூடக் கொடுத்திருக்கமாட்டாள்.

"நூற்று நாற்பத்துமூண்டு பேரின்ரை திகதியும் எங்கையாவது எழுதி வைச்சிருக்கிறியளோ?" ராசமலர் கேட்டார்.

மாஸ்ரர் தயங்கினார். பிறகு கோட்டைத் தூக்கி, அரைஞாணில் கட்டியிருந்த சாவியை அவிழ்த்து, கட்டிலடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, நீல மட்டை போட்ட ஒரு கொப்பியை எடுத்து வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு திகதிகள். மெய்யானது கறுப்பு மையில், எழுதியது சிவப்பு மையில். றொபின் பக்கங்களைப் புரட்டினான். சிவப்பு மையில் பதினொரு பேர் மே பதினேழாம் திகதி பிறந்திருந்தார்கள்.

"நோர்வேயின்ரை தேசிய நாள்," என்று விளக்கினார் மாஸ்ரர். "மறக்காது. ஊர் முழுக்கக் கொடியும் பாண்டு வாத்தியமும். சும்மா கிடைக்கிற கொண்டாட்டம்தானே."

"கிறிஸ்தவ ஆக்கள் முழுப்பேரையும் நத்தாரிலை பிறக்கவைச்சிருக்கிறியள்."

"அதுவும் மறக்காது தம்பி."

"மறக்கேலாதுதான். பதினெட்டு வருசமா எனக்கும் யேசுவுக்கும் ஒரே கேக்." றொபின் தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான். "பதினெட்டு வயதிலை வந்த என்னை நீங்கள் பதினாலு எண்டு எழுதினனீங்கள் மாஸ்ரர். சின்னப் பிள்ளையளோடை மீசையோடை வகுப்பிலை இருந்தனான். வாத்தியாரை விட எனக்குத்தான் மீசை அடர்த்தி."

ராசமலர் கொப்பியை அவனிடமிருந்து வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை விரலை ஓட்டினார். மீன் துண்டில் புழு தேடுகிற விரல். அவசரமே இல்லை.

"இதை ஆர் ஆர் பார்த்தவை?"

"ஒருதரும் இல்லை. சாவி இருந்த இடத்தைப் பார்த்தனீங்கள்தானே?"

"உங்கடை பேரை இதிலை காணேல்லை மாஸ்ரர்."

"என்ரை திகதியை எழுதி வைக்க நான் என்ன விசரனே?"

"அப்ப உங்கடை திகதியும் பிழைதான்?"

"பிழைதான்."

"சரியான திகதி ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் தெரியும். பிறப்பு எழுதின புத்தகம் சண்டையிலை எரிஞ்சு போச்சு. பெண்சாதி இருந்த காலத்திலை அவவுக்கும் சொல்லேல்லை." மாஸ்ரர் சால்வையைச் சரிசெய்தார். "அவவிலும் பார்க்க நான் எட்டு மாசம் இளையவன். வெக்கமாக்கிடந்தது."

ராசமலர் கொப்பியை மூடினார்.

"அப்பிடியெண்டால் மாஸ்ரர், உங்கடை திகதி பொருந்தேல்லை எண்டு இந்த மெயில் எழுதினவனுக்கு ஆர் சொன்னது?"

மாஸ்ரர் மேசையிலிருந்த தாளை எடுத்து மறுபடி வாசித்தார்.

"றொபின், எதிர்வீட்டு மணியை அடி. மாஸ்ரர், நீங்களும் வாங்கோ," என்றார் ராசமலர்.

எதிர்வீட்டில் இருந்தவர் இங்கேபோர்க் என்ற மூதாட்டி. எண்பத்தொரு வயது. கையில் பின்னல் ஊசியோடு வந்து, ராசமலர் நீட்டிய தாளை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஓ, இதுவா? எனக்கும் வந்தது. எங்கள் பாடகர் குழுவில் மின்னஞ்சல் வைத்திருக்கிற இருபத்தாறு பேருக்கும் வந்தது."

"நீங்கள் பயப்படவில்லையா?" என்று றொபின் நோர்வேஜிய மொழியில் கேட்டான்.

"எதற்கு? என் பிறந்த திகதியில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் கேட்டு வைப்போம் என்று வங்கிக்குப் போன் எடுத்தேன். இதில் இருக்கிற இணைப்பைத் தொடவில்லை, என் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிற இலக்கத்துக்கு எடுத்தேன். அந்த இரகசிய இலக்கத்தை நாங்கள் மின்னஞ்சலில் கேட்கவே மாட்டோம், அழித்துவிடுங்கள் என்றார்கள். அழித்துவிட்டேன்." அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், யாராவது இதை நம்பிவிட்டார்களா?"

மூன்று தமிழர்களில் இருவர் தரையைப் பார்த்தார்கள். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

கதவு மூடியதும் ராசமலர் சுவரில் சாய்ந்துகொண்டார். "சாத்திரம் சொல்லுறவன் வந்த உடனை என்ன சொல்லுவான்? உங்கடை வீட்டிலை ஒரு கவலை இருக்கு எண்டுவான். கவலை இல்லாத வீடு எங்கை கிடக்கு? இவனும் அப்பிடித்தான். ஊர் முழுக்க ஒரே கடதாசியை எறிஞ்சிருக்கிறான். நோர்வேக்காரர் சிரிச்சுப்போட்டு அழிச்சினம். எங்கடை ஆக்களுக்கு மட்டும் வயித்திலை நெருப்பு. அவனுக்கு எங்களைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. திகதி பிழையெண்டு கண்டுபிடிக்கிற அளவுக்குக் கெட்டிக்கார வங்கிக்கு, உங்கடை பேர் தெரியாதே? அன்பான வாடிக்கையாளரே எண்டு ஏன் எழுதுது?"

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற வங்கி, இரண்டு நாளில் அவசரப்படுகிற கந்தோர், பெயர் தெரியாத கடிதம். எல்லாம் றொபினின் வாயிலிருந்தே பகிடியோடு பகிடியாக வந்தவை. வந்த வழியில் காதில் விழாமல் போய்விட்டன. அவனுக்குத் தன்மேல் கோபம் கோபமாக வந்தது. உள்பையிலிருந்து தன் தாளை எடுத்து நீட்டினான்.

"இன்னும் அடிக்கேல்லை அக்கா. ஆறு மணி வரைக்கும் நேரம் தந்தவன்."

"காலமையே தெரியும்," என்றார் ராசமலர். "அவவின்ரை கடதாசியை நான் முதல் வரி வாசிக்க முதல் நீ முடிச்சிட்டாய். நோர்வேஜிய பாசையை அவ்வளவு கெதியா நீ ஒருநாளும் வாசிச்சதில்லை."

மாஸ்ரர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். "பொலிசுக்குப் போனால் திகதியைக் கேக்கமாட்டினமே?"

"பொலிஸ் கள்ளனைத் தேடும் மாஸ்ரர். உங்கடை சாதகத்தைத் தேடாது. வெளிக்கிட்டுத்தானே நிக்கிறியள், ஏறுங்கோ. போற வழியிலை பொலிஸ் நிலையத்திலை இறக்கிவிடுறம்."

அரசாங்கம் வந்து பிடிக்கவில்லையே என்று ஒன்பது நாள் காத்திருந்த மனிதர், பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுத் தானாகப் பொலிசுக்குப் புறப்பட்டார்.

*

ஒஸ்லோ மத்திய நிலையத்தில் துரொண்ட்ஹெய்ம் ரயில் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நாலு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கஜேந்தினி ஒரு பெரிய பெட்டியோடு மேடையில் நின்றாள். இருபத்தாறு வயது, அழுது முடிந்து காய்ந்த முகம். ஆறு மாதத்துக்கு முன் இதே பெட்டியோடுதான் இதே நிலையத்தில் மணமகளாக வந்து இறங்கினாள். பக்கத்தில் மங்களேஸ்வரி கையில் ஒரு பார்சலோடு நின்றார். புளிச்சாதம். கள்ளியாகவே இருந்தாலும் ஏழு மணித்தியாலம் பட்டினியாக அனுப்ப மாமிக்கு மனம் வரவில்லை.

"கடதாசி எழுதியாச்சோ?" என்று, ராசமலரும் றொபினும் ஓடிவரக் கண்டு கேட்டார் மங்களேஸ்வரி.

"எழுத ஒண்டும் இல்லை அக்கா." ராசமலர் மூச்சு வாங்கச் சொன்னார். மாஸ்ரரின் வீட்டில் கிடைத்ததை, எதிர்வீட்டு மூதாட்டி சொன்னதை, எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். "உங்கடை திகதியை ஒருதரும் விக்கேல்லை. மெயில் அனுப்பினவனுக்கு நீங்கள் மங்களேஸ்வரி எண்டே தெரியாது."

மங்களேஸ்வரி அசையவில்லை. "அப்ப என்ரை காசு எப்பிடிப் போனது? அதைச் சொல்லுங்கோ."

"கோட்பிரிக்க இலக்கம் இல்லாமல் ஒரு குரோணரும் அசையாது அக்கா. அது குளிக்கப் போனாலும் உங்களோடைதான் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

மங்களேஸ்வரியின் கையில் பார்சல் கசங்கியது. றொபினுக்கு அந்த மௌனம் நன்றாகப் பழகியது. இரண்டு நாளாக அவனும் அதைத்தான் உள்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான்.

"விடுங்கோ அன்ரி," என்றாள் கஜேந்தினி.

ராசமலர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமோ பிள்ளை?"

"அண்டைக்குத் தேத்தண்ணி கொண்டு போனனான். மாமி கோட்பிரிக்கயைப் பாத்துப் பாத்து அடிச்சுக்கொண்டிருந்தவ. என்ன மாமி எண்டு கேட்டனான், போடி எண்டு ஏசினவ. காசு போன உடனை எனக்கு விளங்கியிட்டுது."

"கள்ளி எண்டு பேர் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுறாய். ஏன் வாயைத் திறக்கேல்லை?" றொபினுக்குப் பகிடி வரவில்லை.

"திறந்தால் சயூரன் பொலிசுக்குப் போவார். ஏன் குடுத்தனீங்கள் எண்டு அவையள் கேப்பினம். பிறகு மாமியின்ரை திகதி வெளியிலை வரும்." கஜேந்தினி பெட்டியின் கைபிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதை எனக்கு மட்டும் எண்டுதானே மாமி சொன்னவ."

ராசமலர் துப்பறிவதில் இதுவரை தோற்றதில்லை என்று சொல்லிக்கொள்வார். இந்த ஒன்றை அவரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளிர் என்று சொல்லிக்கொள்ள வசதியாக நவம்பர் இருந்தது.

சீருடை அணிந்த நடத்துநர் ஒருவர் மேடையோரம் நடந்து வந்தார். கையில் விசில், மார்பில் அரசாங்க முத்திரை போல ஏதோ ஒன்று. "யார் பயணம்? கதவு மூடப்போகிறோம். ஏறுகிறீர்களா?"

கஜேந்தினி பெட்டியைத் தூக்கினாள். அதே கைபிடியில் இன்னொரு கையும் விழுந்தது.

"இல்லை," என்றார் மங்களேஸ்வரி. பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரித் தரை துடைத்துக் கற்றுக்கொண்ட நோர்வேஜிய மொழியில், மேடை முழுவதும் கேட்கும்படி சொன்னார். "இவள் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை எனக்குப் பிறந்தநாள். நவம்பர் பதினேழு. மே இல்லை, நவம்பர். அறுபது வயது. இவள் இல்லாமல் நான் எப்படிக் கொண்டாடுவது?"

நாலு பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். மகனுக்கும் சொல்லாத இரகசியத்தை, சீருடை போட்ட ஒருவரிடம், ஊர் பார்க்க, மாதத்தோடு சேர்த்துச் சொல்லியாயிற்று. ஒரே நிமிடத்தில் மூன்று வயது கூடிவிட்டது.

நடத்துநர் புன்னகைத்தார். "வாழ்த்துகள்!" என்றார். விசிலை ஊதினார். கதவுகள் மூடின. ரயில் அதன்பாட்டில் போய்விட்டது. யாரும் யாரையும் பிடிக்க வரவில்லை.

மங்களேஸ்வரிக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அவர் புளிச்சாதப் பார்சலை மருமகளின் கையில் திணித்துவிட்டு, பெரிய பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"மாமி," கஜேந்தினி பின்னால் ஓடினாள். "ரிக்கற் காசு திரும்ப வராது."

"போனால் போகட்டும்," என்றார் மங்களேஸ்வரி திரும்பிப் பார்க்காமல். "கெதியா வா. முதல் பொலிசுக்குப் போவம். பிறகு கேக்குக்குச் சொல்லவேணும்."